நீர்முள்ளி பேர் கேட்பதை நிறுத்திய நாள்

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கு வாய் இருந்தது. மனிதர் கேட்டால் பதில் சொல்லும். சில செடிகள் கேட்காவிட்டாலும் சொல்லும். ஆம்பலேரியில் சேறும் தண்ணீரும் சேருகிற ஓரத்தில் நீர்ப்பூண்டு என்று ஒரு செடி இருந்தது. இன்றைக்கு நாம் நீர்முள்ளி என்று சொல்கிறோமே, அதுதான். அப்போது அதற்கு ஒரு முள்கூடக் கிடையாது. தண்டு பசலைத் தண்டு மாதிரி வழவழவென்று இருக்கும். கணுவுக்குக் கணு ஊதாப்பூ. பூவைப் பறிக்க வருகிற சின்னப் பிள்ளைகள்கூடப் பயமில்லாமல் கையை விடலாம்.

சாமி அதற்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. மனித உடம்பில் போகவேண்டிய நீர் போகாமல் தங்கிக் கெட்டுப்போகும் பாருங்கள், அதை வெளியே தள்ளுகிற வேலை. கால் வீங்கினவர், முகம் ஊதினவர், நீர் பிரியாமல் அடிவயிறு கல்லாகிப் படுத்தவர் யாராக இருந்தாலும், அதை வேரோடு எடுத்து, இடித்துக் காய்ச்சிக் கொடுத்தால் போதும். இரண்டு மூன்று நாளில் நீர் பிரிந்து உடம்பு வற்றிவிடும்.

வேலை கொடுத்த சாமி ஒரு கட்டளையும் போட்டிருந்தது. ஒரு மழைக்கும் மறுமழைக்கும் நடுவில், ஒரு பேருக்கு ஒரு தரம்தான் கொடுக்கவேண்டும். ஆசைப்பட்டு ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு போனால் செடி அற்றுப்போகும் அல்லவா? அதனால் பறிக்க வருகிறவர் தண்ணீரில் நின்று தண்டில் மஞ்சள் நூல் கட்டவேண்டும். நீர்ப்பூண்டு மூன்று கேள்வி கேட்கும். யாருக்கு? எங்கே வீக்கம்? எத்தனை நாளாக? பதில் சரியாக இருந்தால் மறுநாள் காலையில் வேர் தானாக இளகிக் கையோடு வரும். கேட்காமல் இழுத்தால் பத்து எருது பூட்டி இழுத்தாலும் வராது.

அந்த ஏரியில் கோரை அறுத்துப் பிழைத்தவள் மருதாயி. புருசன் இல்லை. ஒரே மகன் உப்பு வண்டியோடு கடற்கரைப் பக்கம் போயிருந்தான். வீட்டில் மருமகள் சிட்டாளும், அவள் பெற்ற நாற்பது நாள் பெண்குழந்தையும்.

குழந்தை பிறந்த இருபதாம் நாள் சிட்டாளுக்குப் பாதம் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அடுத்த வாரம் முழங்கால். பிறகு முகம். கண் இரண்டும் இடுக்காகிவிட்டது. கையில் போட்டிருந்த சங்கு வளையல் சதைக்குள் புதைந்து, மணிக்கட்டு கன்றிப்போனது. நீர் பிரிவது நாளுக்கு ஒரு தரம், அதுவும் சொட்டுச் சொட்டாக. பால் வற்றிக் குழந்தை வீறிட்டது.

"அத்தே, என்னைக் கண்ணாடியில பார்த்தா எனக்கே அடையாளம் தெரியலை. உங்க மகன் வந்தா வேற யாரோ வீட்டுக்கு வந்துட்டோம்னு திரும்பிப் போயிடுவாரு" என்று சிட்டாள் சிரித்தாள். சிரித்தால் மூச்சு வாங்கியது.

"போவான் போவான். வாசல்லயே காலை ஒடைச்சு உட்கார வைக்கிறேன்" என்றாள் மருதாயி. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வைத்தியர் தில்லைமுத்துவைக் கூட்டிவந்து காட்டினாள். அந்த ஊரில் மூலிகை கேட்கிற உரிமை அவருக்குத்தான். அவர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து நாடி பார்த்தார். வீக்கத்தை அழுத்திப் பார்த்தார்.

"நீர்ப்பூண்டு கொடுத்தா வத்திடும். கவலைப்படாதே" என்றார். "பொண்ணு பேரு என்ன சொன்னே?"

"சிட்டாளுங்க, வைத்தியரய்யா."

"எங்கே முதல்ல வீக்கம் கண்டது?"

"பாதத்துலங்க. இடது பாதம். அப்புறம் மேல ஏறிச்சு."

"எத்தனை நாளாச்சு?"

"இன்னியோட இருபது நாளுங்க."

இவ்வளவையும் மருதாயிதான் சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். போகும்போது பரண்மேல் வைத்திருந்த சுரைக்காயையும் எடுத்துக் கொடுத்தாள். "நாளைக்கே நூல் கட்டுறேன், மறுநாள் கஷாயம் வந்துடும்" என்று சொல்லிப் போனார் மனிதர்.

சொன்ன நாளில் கஷாயம் வரவில்லை. அதற்கு மறுநாள் ஆள் அனுப்பினால், "நேரம் சரியில்லை, நூல் கட்ட முடியலை" என்று பதில் வந்தது. மூன்றாம் நாள் வீட்டில் இல்லை என்றார்கள். நான்காம் நாள் காலையில் சிட்டாளுக்கு நீர் பிரியவே இல்லை. மருதாயி குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு மஞ்சள் நூலை முந்தானையில் முடிந்துகொண்டு, தானே ஏரிக்குப் போனாள். உரிமை என்ன உரிமை, உயிர் போகிற வீட்டில்!

தண்ணீரில் இறங்கினவள் திகைத்துப்போனாள். இடுப்புயரம் அடர்ந்து நிற்கவேண்டிய நீர்ப்பூண்டில் பாதிக்குமேல் காணவில்லை. வேரோடு போன குழிகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொரு குழியின் பக்கத்திலும் அறுந்த மஞ்சள் நூல் ஒன்று மிதந்தது.

அவள் கண்ணை மூடிக் கும்பிட்டு, மீதி நின்ற செடி ஒன்றில் நூலைக் கட்டினாள்.

"யாருக்கு?" என்று கேட்டது நீர்ப்பூண்டு. குரலில் தெம்பில்லை.

"என் மருமகளுக்குத் தாயே. சிட்டாள்னு பேரு."

"சிட்டாளுக்குக் கொடுத்தாச்சே" என்றது செடி. "இடது பாதத்துல கண்ட வீக்கம், இருபது நாள். நாலு நாளைக்கு முந்தி நூல் கட்டினாரு, மறுநாளே கொடுத்தனுப்பினேன். இந்நேரம் வத்தியிருக்கணுமே?"

மருதாயி தண்டை இறுக்கிப் பிடித்தாள். "யாரு? யாரு வாங்கிட்டுப் போனது?"

"வைத்தியர்தான்."

"எங்க வீட்டுக்கு ஒரு இலைகூட வரலையே!"

நாணலுக்குள் முட்டையின்மேல் உட்கார்ந்திருந்த கானாங்கோழிக்கு இதற்குமேல் வாய் நிற்கவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு வெளியே வந்தது.

"உன் வீட்டுக்கு எப்படி வரும் அக்கா? அது உடையப்பர் வீட்டுக்குப் போகுது. அந்த மனுசன் மூணு வேளையும் ஊறுகாயும் உப்புக்கண்டமுமாத் தின்னு, காலு தூண் மாதிரி வீங்கிக் கிடக்கு. அவர் பேருக்கு ஐப்பசியிலேயே வாங்கியாச்சு. வத்தினதும் மறுபடி தின்னாரு, மறுபடி வீங்கிச்சு. இரண்டாந்தரம் இந்தச் செடி கொடுக்காதே? அதனால ஊர்ல யாருக்கு வீக்கமோ அவங்க வீட்டுக்கெல்லாம் போய் வைத்தியர் விசாரிக்கிறாரு. பேரை வாங்கிட்டு வந்து இங்க சொல்றாரு. போன ஆடியில செத்த மாடக்கண்ணு பேர்லகூட வாங்கினாரு!"

"செத்தவன் பேர்லயா?" என்றது நீர்ப்பூண்டு.

"ஆமா. நீதான் பாவம்னு ரெண்டு செடியாக் கொடுத்தே."

"உனக்குத் தெரிஞ்சிருந்தா எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"எங்கிட்ட யாரு கேட்டா? முட்டையை விட்டுட்டு ஊர்வம்புக்கு வர முடியுமா?"

மருதாயி அங்கே நிற்கவில்லை. ஈரப்புடவை காலில் சுற்றச் சுற்ற நேராக உடையப்பர் வீட்டுக்கு நடந்தாள். உடையப்பர் அந்த ஊரின் பெரியதனக்காரர். ஏரி மடையின் சாவி அவர் இடுப்பில். உச்சிவேளை, வாசல் பந்தலுக்குக் கீழே பலகை போட்டு, வீங்கின காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலை நிறைய உப்புக்கண்டம். பக்கத்தில் தில்லைமுத்து விசிறிக்கொண்டிருந்தார். காரியம் கேட்க வந்த ஏழெட்டுப் பேர் கைகட்டி நின்றார்கள்.

"ஐயா, என் மருமக பேர்ல வாங்கின மருந்து எங்கே?" என்றாள் மருதாயி.

"மெதுவாப் பேசு மருதாயி" என்றார் வைத்தியர். "பெரியவர் சாப்பிடுறாரு."

"அது எனக்குத் தெரியுது. ஊரு முழுக்கத் தெரியுது. மருந்து எங்கே?"

உடையப்பர் விரலை நக்கிக்கொண்டே நிமிர்ந்தார். "என்ன, உன் மருமக பேரைத் திருடிட்டோம்கிறியா? வீட்டுக்குப் போய் ஏ சிட்டாள்னு கூப்பிட்டுப் பாரு. ஏன்னு கேப்பா. பேரு அவகிட்டதான் இருக்கு. எதுவும் குறையலை."

நின்றவர்கள் சிரித்தார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அதில் இரண்டு பேர் வீட்டில் வீக்கத்தோடு ஆள் கிடந்தது. அவர்கள் பேரும் போயிருக்கும். அது தெரியாமல் சிரிக்கிறார்களே!

"நான் எழுந்து நடமாடினாத்தானே ஊருக்கு நல்லது?" என்றார் உடையப்பர். "நான் படுத்துட்டா மடையை யாரு திறக்கிறது?"

"நீங்களா திறக்கிறீங்க? குனிஞ்சு உங்க காலை நீங்களே பார்த்து எத்தனை வருசமாச்சு? மிச்சம் மீதி இருந்தாக் கொடுங்க. பச்சைப் பிள்ளைக்காரி, இன்னிக்கு நீர் பிரியலை."

வைத்தியர் தலையைச் சொறிந்தார். "இருந்திருந்தாக் கொடுத்திருப்பேனே. குடிச்சது போக ஒரு செம்பு மிஞ்சிச்சு. வண்டிக்காளைக்குக் குளம்படியில வீக்கம்னு நேத்து அதுல ஊத்திட்டாங்க."

காளைக்கு! சாமி சிட்டாளுக்கென்று எடுத்துவைத்தது காளையின் காலில் வழிந்து தொழுவத்துச் சாணியில் கலந்துவிட்டது. காளையைக்கூட மருதாயியால் திட்ட முடியவில்லை. வாயில்லா ஜீவன், அது என்ன பண்ணும்? அவள் திரும்பி நடந்தாள்.

மருதாயி கோபக்காரி இல்லை. காலையில் எழுந்தால் விளக்கு, சாயங்காலம் விளக்கு. கோரை அறுக்கும் முன் அரிவாளைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஒரு பொய் அவள் வாயில் வந்தது கிடையாது. அப்படிப்பட்டவள் அன்றைக்கு மறுபடி ஏரிக்கு வந்து, தண்ணீரில் நின்று வானத்தைப் பார்த்து, "சாமி, இத்தனை வருசம் கும்பிட வந்தேன். இன்னிக்குக் கும்பிட வரலை, கேட்க வந்திருக்கேன். யாரு சாகட்டும்னு இந்தக் கட்டளையைப் போட்டே?" என்று கத்தினாள்.

நீர்ப்பூண்டுதான் பேசியது.

"மருதாயி, எனக்கு வேர் சேத்துல இருக்கு. ஊருக்குள்ள வந்து பார்க்க எனக்குக் கால் ஏது? சொன்னதை நம்பினேன்."

"இப்ப உண்மை தெரிஞ்சுதுல்ல? கொடு."

"ஒரு பேருக்கு ஒரு தரம். அந்தப் பேர் போயிடுச்சு. நானாக் கட்டளையை மீற முடியாதே." செடி குரலைத் தாழ்த்தியது. "உன் பேர் இன்னும் இருக்கு. எனக்கே கால் வீங்கியிருக்குன்னு சொல்லு. நான் தலையாட்டிடறேன்."

மருதாயி தன் காலைப் பார்த்தாள். முப்பது வருசம் தண்ணீரில் நின்றும் மூங்கில் குச்சி மாதிரி ஒட்டிக்கிடந்த கால்.

"அவன் சொன்ன பொய்யைத்தான் நானும் சொல்லணுமா?" என்றாள். "அவன் பொய் சொல்லித் திங்கிறதுக்கு வாங்கினான். நான் பொய் சொல்லிப் பிழைக்க வைக்கவா? நாளைக்கு இன்னொருத்தி வருவா, அவளும் வேற ஒரு பொய் சொல்லணும். ஊரே பொய்யைக் கத்துக்கிட்டாத்தான் மருந்தா? என் வாயில அது வராது. நான் பேரும் சொல்ல மாட்டேன், நூலும் கட்ட மாட்டேன்."

கட்டின நூலைத் தானே அறுத்து எறிந்தாள். இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டு வேரைப் பிடித்தாள். அதுவரை யாரும் அந்த ஏரியில் அப்படிச் செய்ததில்லை.

வேர் அசையவில்லை. அவள் விடவில்லை. சுற்றிலும் கோரை, அதன் ஓரம் கத்தி மாதிரி. இழுக்க இழுக்க உள்ளங்கையும் முழங்கையும் வரிவரியாகக் கிழிந்தன. நகம் ஒன்று பெயர்ந்தது.

"விடு அக்கா!" என்று கானாங்கோழி அலறியது. "கை போயிடும், அப்புறம் எதை வச்சுக் கோரை அறுப்பே?"

"சாமி கோபிச்சுக்கும் மருதாயி" என்றது நீர்ப்பூண்டு.

"கோபிக்கட்டும்! செத்தவன் பேரைச் சொன்னவன்மேல வராத கோபம் என்மேல வரட்டும். அப்பவாவது சாமிக்குக் கோபம் வரும்னு தெரிஞ்சுக்கறேன்."

அவள் ரத்தம் தண்டு வழியாக இறங்கி, கணுவுக்குக் கணு தேங்கி நின்றது. நீர்ப்பூண்டு அதைப் பார்த்தது. இத்தனை காலமாக எத்தனையோ பேர் வந்து எத்தனையோ வார்த்தை சொன்னார்கள். பணிவாகச் சொன்னார்கள், அழுதுகொண்டு சொன்னார்கள். எது நிஜம், எது பொய் என்று அதற்குத் தெரிந்ததே இல்லை. இந்தச் சூடான ரத்தம் மட்டும் எதையும் சொல்லாமலே புரிந்தது.

அது தன் வேரைத் தானே இளக்கிவிட்டது. மருதாயி செடியோடு பின்னால் போய்ச் சேற்றில் விழுந்தாள். எழுந்தவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு கரையேறி ஓடினாள்.

ஒரு செடி போனாலும் மீதி நின்ற செடிகளெல்லாம் அதே நீர்ப்பூண்டுதான்; கட்டளையை மீறியதைச் சாமி கேட்காமல் விடுமா? காற்று நின்றது. தண்ணீரில் அலை அடங்கியது.

"ஏன் கொடுத்தே?" என்று குரல் வந்தது.

அந்தச் செடியும் அன்றைக்கு மருதாயி மாதிரிதான் பேசியது. "சாமி, வாயை நம்பச் சொன்னே. வாய்தான் என்னை ஏமாத்திச்சு. பேரைக் கேட்டுக் கொடுத்தேன், பேருக்குரியவங்க படுக்கையில கிடக்காங்க. இனிமே நான் யாரையும் எதுவும் கேட்கமாட்டேன். எனக்கு முள்ளைக் கொடு. கணுவுக்குக் கணு கொடு. வர்றவங்க முதல்ல ரத்தம் சிந்தட்டும். அடுத்தவங்க வலியைத் தன் வலியா நினைக்கிறவங்க கையை விடுவாங்க. மத்தவங்க போகட்டும்."

"கேட்கமாட்டேன்னா உனக்கு வாய் எதுக்கு? முள்ளு வந்தா பேச்சுப் போயிடும்."

"போகட்டும்" என்றது நீர்ப்பூண்டு. அது பேசின கடைசி வார்த்தை அதுதான். மருதாயியின் ரத்தம் தெறித்திருந்த பக்கத்துச் செடிகளின் கணுவிலெல்லாம் வட்டமாக ஆறு ஆறு முள் கிளம்பின. செடிக்குச் செடி, கரை நெடுக அப்படியே கிளம்பிக்கொண்டு போயின.

வீட்டில் மருதாயி கிழிந்த கையாலேயே இடித்து, காய்ச்சி, வடிகட்டி, தலையைத் தாங்கிப் பிடித்துச் சிட்டாளுக்குப் புகட்டினாள். பொழுது சாயும் முன்னே நீர் பிரிந்தது. மறுநாள் கண் திறந்தது. மூன்றாம் நாள், சதைக்குள் புதைந்திருந்த வளையல் முழங்கை வரைக்கும் சரிந்து இறங்கியது. குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டு மார்பிலேயே தூங்கிப்போனது. சிட்டாள் மாமியாரின் கைக்கட்டை அவிழ்த்துப் பார்த்து, "என்ன அத்தே இது, கையா இது?" என்று அழுதாள்.

"அழுதது போதும். அந்தத் தண்ணியும் சேர்ந்து வத்திடப் போகுது" என்றாள் மருதாயி.

அடுத்த வாரம் தில்லைமுத்து புதிதாக ஒரு பேரோடு ஏரியில் இறங்கினார். நூலை எடுத்துக்கொண்டு, "குப்பாயிக்கு, முகத்துல வீக்கம், பதினைஞ்சு நாள்" என்று ராகமாகச் சொன்னார். பதில் இல்லை. இன்னொரு தரம் சொன்னார். கையை நீட்டினார். ஆறு முள்ளும் ஒன்றாகத் தைத்தது. வைத்தியர் நூலைத் தண்ணீரில் போட்டுவிட்டு, கையை உதறிக்கொண்டு கரையேறினார்.

உடையப்பர் ஆட்களை விரட்டினார். அன்றைக்குப் பந்தலுக்குக் கீழே சிரித்தவர்களுக்கு, தங்கள் வீட்டுப் பேரும் போன விசயம் அதற்குள் தெரிந்துபோயிருந்தது. அவர்கள் அசையவில்லை. "உங்க காலுக்கு எங்க கை எதுக்குங்க? உங்க கையே போகட்டும்" என்றார் ஒருவர். மற்றவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

கடைசியில் காலின் கனம் தாங்காமல் உடையப்பரே வந்தார். இரண்டு பக்கமும் கம்பு ஊன்றி வந்து, சேற்றில் மண்டியிட்டு, மூச்சு வாங்கக் குனிந்து கையை விட்டார். முள் அவருக்கென்று கூடுதலாகவும் குத்தவில்லை, குறைவாகவும் குத்தவில்லை. ஐயோ அம்மா என்று அலறிக்கொண்டு ஒரே ஒரு செடியோடு எழுந்தார். பக்கத்தில் கோரை அறுத்துக்கொண்டிருந்த மருதாயி அதைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பாவம் என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. அதைச் சாமி பொறுத்துக்கொள்ளட்டும். முதுகைத் திருப்பிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தாள்.

இப்போதும் குளத்தோரம், வாய்க்கால் ஓரம், எங்கே சேறு ஊறிக் கிடக்கிறதோ அங்கெல்லாம் அது நிற்கிறது. கணுவைச் சுற்றி முள், முள்ளுக்கு நடுவில் ஊதாப்பூ. ஏழை வந்தாலும் பணக்காரர் வந்தாலும் யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்காது. பறிக்கிற கையில் முதலில் ஒரு சொட்டு ரத்தம் வாங்கிக்கொண்டுதான் வேரைக் கொடுக்கும். மருதாயி சேற்றில் கைவிட்ட அந்த நாளில் பிடித்தது நீர்முள்ளிக்கு இந்த வைராக்கியம்.